அடைக்கலம் தந்த வளவும் அதன்பின் வந்த சட்டமும்

‘குடும்பத் தகராறு’ என்ற சொற்றொடருக்கு நமது தமிழ்ப் பத்திரிகைகளில் நீண்ட ஆயுள் உண்டு. மனைவி வெட்டுக்காயங்களுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாலும், எரிகாயங்களுடன் உயிரிழந்தாலும், மாவட்ட நிருபரிடமிருந்து வந்துசேரும் நான்கு வரிச் செய்தி பெரும்பாலும் குடும்பத் தகராறே காரணமெனப் பொலிஸ் விசாரணையில் தெரியவந்ததாகக் கூறி முடிவடையும். அந்த இரவுக்கு முன்னர் அப்பெண் எத்தனை தடவைகள் வீட்டைவிட்டு வெளியேறினார், யாருடைய வாசலுக்குச் சென்றார், யார் அவரைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள் என்ற வினாக்களுக்கு அச்செய்தியில் இடமிருப்பதில்லை. நான் பத்திரிகைத் துறையில் கழித்த பல தசாப்தங்களில் இந்தச் செய்தியின் வாசகம் பெரிதாக மாறவில்லை. ஆனால், அப்பெண் சென்று தட்டக்கூடிய வாசல்கள் வெகுவாக மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நமது வரலாற்று நூல்கள் அதற்குப் பக்கங்களை ஒதுக்கவில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கொழும்பிலோ கண்டியிலோ வாழும் ஒரு பெண்ணுக்குச் சட்டம் என்பது ஒரு முச்சக்கரவண்டிப் பயணத் தூரத்தில் இருக்கிறது. படுவான்கரையிலோ, வன்னியின் உட்கிராமங்களிலோ, மலையகத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலோ வாழும் பெண்ணுக்கு அதே சட்டம் ஒரு நாட்சம்பளத்துக்கும் இரண்டு பஸ் பயணங்களுக்கும் அப்பால் இருக்கிறது. வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான இந்தத் தூரத்தைக் கடப்பதற்குப் பெண்ணுக்குத் துணைநின்றவர்கள் யார் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் விடயம். ஒரு காலத்தில் அத்துணையை உறவினர் வளவு வழங்கியது. போரும் ஆழிப்பேரலையும் வளவைச் சிதைத்தபோது பெண்கள் அமைப்புகள் அப்பொறுப்பை ஏற்றன. அரசாங்கமோ அதனைத் தனது நிரந்தரக் கடமையாக இன்னமும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

தாய் வளவு என்னும் காவல்

கிழக்கு மாகாணத்தின் குடியிருப்பு மரபை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரக் கிராமங்களில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்பது தாய்வழியாக வருவது. திருமணத்தின்போது பெற்றோர் தமது வீட்டையே மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு இளைய மகள்மாருடன் வாழ்வர். அடுத்த மகளுக்குத் திருமணமாகும்போது அந்த வீடும் அவளுக்குரியதாகும். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்பவர். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஒழுங்கை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் விளைவு என்னவெனில், கணவன் கைநீட்டும்போது கூக்குரல் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் அனைவரும் மனைவியின் உறவினர்களே. வேலிக்கு அப்பால் தாய், அதற்கடுத்த வீட்டில் தமக்கை, கோடிப்புறத்தில் பெரியம்மா. வீடு அப்பெண்ணின் பெயரில் இருந்தது. ஆகவே, நிலைமை முற்றினால் வெளியேற வேண்டியவர் கணவரே. சட்டத்தரணிகள் பின்னாளில் ‘பாதுகாப்புக் கட்டளை’ என்று பெயரிட்ட ஒன்றை, எந்த எழுத்துமின்றி ஒரு வளவின் அமைப்பே ஓரளவுக்கு வழங்கியது எனலாம்.

இதனை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது எனது நோக்கமல்ல. வளவுக்குள் அடியும் இருந்தது, அவமானமும் இருந்தது. ‘பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ’ என்று அறிவுரை கூறியவர்களும் அதே தாயும் தமக்கையும்தான். மூத்தோர் கூடிப் பேசிய இணக்கங்களில் குடும்பத்தின் கௌரவமே முதலிடம் பெற்றது. பெண்ணின் உடலில் விழுந்த காயம் இரண்டாமிடத்தைக்கூடப் பெற்றதில்லை. இருந்தபோதிலும், தனித்துவிடப்பட்ட பெண் என்ற நிலை அங்கு அரிதாக இருந்தது என்பதை மறுக்கமுடியாது.

நாட்டின் பிற பகுதிகளில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவையால் தொகுக்கப்பட்ட தேசவழமை, மகளுக்குச் சீதனச் சொத்தை வழங்கியது. ஆயினும், அச்சொத்தின் மீதான கணவரின் பிடியையும் அது அங்கீகரித்தது. 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமை (யாழ்ப்பாணம்) கட்டளைச் சட்டம், மனைவி தனது அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிநின்றது. சொத்து தனதாயினும் அதனை விற்று அல்லது ஈடுவைத்து வேறொரு வாழ்க்கையைத் தொடங்கும் வழி, அடிக்கும் கணவரின் கையொப்பத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது.

மலையகத்திலோ வளவு என்ற ஒன்றே இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட லயன் காம்பராக்கள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேறொரு தோட்டத்திலிருந்து வாழவந்த மருமகளுக்குத் தாய்வீடு பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் நடப்பது லயத்தில் அனைவருக்கும் கேட்கும். கேட்டும் எவரும் தலையிடுவதில்லை. பிணக்கைத் தீர்த்துவைத்தவர்கள் முன்பு பெரிய கங்காணியும், பிற்காலத்தில் தொழிற்சங்கத் தோட்டத் தலைவரும். இருவருமே ஆண்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதன் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவரே பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. கையில் பஸ் கட்டணம்கூட இல்லாத ஒருவருக்குப் பொலிஸ் நிலையம் எந்தத் திசையில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஏட்டிலிருந்த பழைய சட்டங்கள்

2005ஆம் ஆண்டுக்கு முன்னர் சட்டமே இருக்கவில்லையா என்ற கேள்வி எழலாம். இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, காயம் விளைவித்தலைக் குற்றமாக்கியது. அடித்தவர் கணவர் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் கிடையாது. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கைவிடப்பட்ட மனைவி நீதவான் நீதிமன்றத்தில் செலவுப்பணம் கோரமுடிந்தது. இச்சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்து 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமோ பிறர்மனை சேர்தல், வன்மமாகக் கைவிடல், தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றையே மணநீக்கத்துக்கான காரணங்களாக ஏற்றது. கொடுமைப்படுத்தல் என்பது தனியொரு காரணமாக அதில் இடம்பெறவில்லை. முஸ்லிம் பெண்கள் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்களை நாடவேண்டியிருந்தது. காதியாக நியமனம் பெறும் தகுதியை அச்சட்டம் ஆண்களுக்கு மட்டுமே வழங்கியிருந்தது.

இச்சட்டங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. அவை நடந்து முடிந்த ஒன்றுக்குத் தண்டனையையோ பணத்தையோ வழங்கின. நாளை இரவு அதே வீட்டில் அதே மனிதருடன் எப்படி உறங்குவது என்ற கேள்விக்கு அவற்றிடம் விடை இருக்கவில்லை. முறைப்பாடு செய்தால் கணவர் மறியலுக்குப் போவார்; கூலி நின்றுவிடும்; பிணையில் வெளிவந்ததும் அடி இரட்டிப்பாகும். இந்தக் கணக்கை நன்கறிந்த பெண்கள் முறைப்பாடு செய்யாதிருந்ததில் வியப்பில்லை. அதனையும் மீறிச் சென்றவர்களைப் பொலிஸ் நிலையங்கள் இணக்கமாகப் போகும்படி கூறி அனுப்பிவைத்தன.

போர் குலைத்த வேலி

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போர் கிழக்கின் வளவுகளைக் கலைத்துப்போட்டது. ஆண்கள் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர். குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் அகதிகளாயின. தாய் ஒரு முகாமில், மகள் இன்னொரு முகாமில் என்று ஆனபோது, வேலிக்கு அப்பாலிருந்த காவல் இல்லாமற்போயிற்று. முகாமின் நெருக்கம், தொழிலிழப்பு, கசிப்பு, எப்போது எவர் பிடித்துச்செல்லப்படுவார் என்ற அச்சம் ஆகிய அனைத்தும் வீட்டுக்குள் நிகழும் வன்முறையைப் பெருக்கின. போரின் பேரழிவுகளுக்கு நடுவே இது பேசத்தகாத சிறுவிடயமாகக் கருதப்பட்டது. இனத்தின் துயரம் பெரிதா, ஒருத்தியின் முதுகிலுள்ள தழும்பு பெரிதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இக்கேள்விக்குச் செவிசாய்க்க மறுத்த சில பெண்களிடமிருந்தே இன்றைய சேவைகளின் வரலாறு தொடங்குகிறது. 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில், போரினாலும் பிற கொடுமைகளாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக உருவான பூரணி இல்லத்தின் பின்னணியில், 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகமவும் இருந்தார். 1987ஆம் ஆண்டில் கொழும்பில் ‘விமன் இன் நீட்’ என்ற அமைப்பு, வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களுக்குச் சட்ட உதவியும் உளவளத்துணையும் வழங்கும் நோக்குடன் தொடங்கப்பட்டு, காலப்போக்கில் ஏனைய மாவட்டங்களிலும் நிலையங்களைத் திறந்தது. 1991ஆம் ஆண்டில், வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு அகதி முகாம்களில் தங்கியிருந்த பெண்கள் மத்தியில் வேலைசெய்வதற்காக உருவான சூரியா பெண்கள் அமைப்பு, 1993இல் மட்டக்களப்புக்கு இடம்மாறியது. பிற்காலத்தில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் என்று மட்டக்களப்பு மக்கள் அறிந்துகொண்ட அமைப்பு அதுவே. பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு உட்பட எழுத்தும் செயலும் இணைந்த பல பெண்களின் உழைப்பு அதன் பின்னே இருந்தது.

இவ்வமைப்புகளின் பணியை ‘சேவை’ என்ற அலுவலகச் சொல்லால் விளக்கிவிட முடியாது. அவர்கள் செய்த முதற்காரியம் உடன்செல்வது. பொலிஸ் நிலையத்துக்கு உடன்செல்வது. வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியின் அறைக்கு வெளியே காத்திருப்பது. நீதிமன்ற விறாந்தையில் பெயர் அழைக்கப்படும்வரை அருகில் அமர்ந்திருப்பது. அன்றிரவு தங்குவதற்கு ஓரிடத்தைத் தேடுவது. தனியாக வரும் பெண்ணை அதட்டித் திருப்பியனுப்பும் உத்தியோகத்தர், இன்னொரு பெண் குறிப்புப் புத்தகத்துடன் அருகில் நிற்பதைக் கண்டால் முறைப்பாட்டை எழுதத் தொடங்குவார். தாய் வளவு செய்த வேலையும் இதுவேதான். பெண் தனியாக இல்லை என்பதைப் பிறருக்கு உணர்த்தும் வேலை அது.

அக்காலத்தில் இதற்கு வேறோர் இடரும் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. படுவான்கரை நீண்டகாலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2007ஆம் ஆண்டில்தான் அது முழுமையாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை அங்கு அரச பொலிஸும் இல்லை, நீதவான் நீதிமன்றமும் இல்லை. இருந்தவை புலிகளின் காவற்றுறையும் நீதிமன்றுகளுமே. கொக்கட்டிச்சோலைப் பகுதிப் பெண் ஒருவர் நகரத்து வைத்தியசாலைக்கோ அரச நீதிமன்றத்துக்கோ வரவேண்டுமாயின் மண்முனைத் துறையில் படகுப் பாதையில் வாவியைக் கடக்கவேண்டும்; அல்லது வவுணதீவு வழியாகச் சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டும். இரு தரப்பினரின் சந்தேகப் பார்வையையும் எதிர்கொண்டே பெண் பணியாளர்கள் அக்கிராமங்களுக்குப் போய்வந்தனர். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலாகும். வீட்டு வன்முறைச் சட்டத்துக்கு அப்போது ஒன்பது வயது.

கடல் கொண்டுபோன வீடும் உறுதியும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, போர் விட்டுவைத்த வளவுகளையும் கொண்டுசென்றது. உயிரிழப்புகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. வீட்டுரிமைக்கு நேர்ந்த கதி பற்றி எழுதப்பட்டது குறைவு. அனர்த்தத்தின் பின்னர் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர், ஏனைய பகுதிகளில் 100 மீற்றர் எனக் கட்டடத்தடை வலயம் அறிவிக்கப்பட்டது. அவ்வலயத்துக்குள் இருந்த குடும்பங்கள் பல, உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. புதிய வீடுகள் குடும்பத் தலைவரின் பெயரில் வழங்கப்பட்டன. அரச படிவங்களில் குடும்பத் தலைவர் என்றால் பெரும்பாலும் கணவர்தான். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தினால் கணவரின் சொத்தாக மாறியது. வெளியேற வேண்டியவர் யார் என்ற பழைய கணக்கு அங்கே தலைகீழாயிற்று.

மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் ஒன்றிணைந்து அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கி, முகாம்களில் நிகழ்ந்த வன்முறைகளையும் இந்த வீட்டுரிமைப் பிரச்சினையையும் அதிகாரிகளிடம் எடுத்துரைத்தன. கிழக்கின் மரபை அறியாத நிவாரண நிறுவனங்களுக்கு அதனை விளக்கியவர்களும் அவர்களே. காணி உரிமையும் வீட்டு வன்முறையும் வெவ்வேறு விடயங்கள் அல்ல என்பதை அன்று அவர்கள் கண்டுகொண்டனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மரபுரிமை அட்டவணையில் ஆண் வாரிசுகளுக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது என்பதை நோக்கும்போது, அவர்களது வாதத்தின் பெறுமதி விளங்கும்.

சட்டம் என்ன சொன்னது?

உலகளாவிய சூழலும் இக்காலத்தில் மாறிவந்தது. பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டிருந்தது. 1993இல் அமைச்சரவை மகளிர் சாசனத்தை அங்கீகரித்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. எனினும், மணவாழ்க்கைக்குள் நிகழும் பாலியல் வல்லுறவு, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட தம்பதியர் விடயத்தில் மட்டுமே குற்றமென ஏற்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின்னர், பெண்கள் அமைப்புகளின் நீண்ட அழுத்தத்தின் பயனாக 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இது மேல்நாட்டுச் சரக்கு, குடும்பங்களைக் குலைத்துவிடும் என்று கூறியவர்கள் அன்றும் இருந்தார்கள், பின்னரும் இருந்தார்கள்.

இச்சட்டத்தின் தனிச்சிறப்பு, அது தண்டிப்பதற்கு முன்னர் தடுக்க முற்படுவதாகும். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரத் தேவை இருப்பின் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையை வழங்கலாம்; 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிட வேண்டும்; அதன் பின்னர் 12 மாதங்கள் வரையிலான பாதுகாப்புக் கட்டளையைப் பிறப்பிக்கலாம். வன்முறையாளர் வீட்டுக்குள் நுழைவதையே தடைசெய்யலாம். உடற்காயம் மட்டுமன்றிப் பாரதூரமான உளரீதியான துன்புறுத்தலும் இதில் அடங்கும். கட்டளையை மீறினால் ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனை அல்லது 10,000 ரூபா வரையிலான தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இன, மத வேறுபாடின்றி எல்லாப் பிரசைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

அதிலுள்ள துணைக்கட்டளைகளில் ஒன்று எனது கவனத்தை எப்போதும் ஈர்ப்பது. பாதிக்கப்பட்டவர் தமது உடைமைகளை எடுத்துவரச் செல்லும்போது பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உடன்செல்ல வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிடலாம். பாதுகாப்பான இடமொன்றில் தங்கவைக்கவும், சமூக சேவையாளர் ஒருவரின் துணையை வழங்கவும் உத்தரவிடலாம். பெண்கள் அமைப்புகள் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த ‘உடன்செல்லுதல்’ இவ்வாறு சட்டத்தின் வாசகமாகியது. ஆனால், உடன்செல்லும் சமூக சேவையாளருக்கான சம்பளமும் தங்கவைக்கும் வீட்டுக்கான வாடகையும் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

தூரத்தின் கணக்கு

படுவான்கரையின் உட்கிராமத்துப் பெண்ணொருவரின் நிலையில் நின்று இந்நடைமுறையை எண்ணிப்பார்ப்போம். முறைப்பாட்டுக்கு ஒரு பயணம். வைத்தியப் பரிசோதனைக்கு ஒரு பயணம். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியைச் சந்திக்க ஒரு பயணம். விண்ணப்பத்துக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று, எதிராளி வராவிட்டால் தவணைக்கு இன்னொன்று. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை நீதிமன்றங்கள் கரையோரப் பெருந்தெருவை அண்டியே அமைந்துள்ளன. ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் கட்டணம், இழந்த கூலி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் ஆகிய மூன்றும் தேவை. மாலையில் கடைசி பஸ் தவறினால், யாருக்கெதிராகச் சென்றாரோ அவருடைய தயவே மிஞ்சும்.

மலையகத்தில் இத்துடன் மொழியும் சேர்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இருந்தும், தோட்டப்புறப் பெண்ணொருவர் தமிழில் அழுது கூறியதைச் சிங்களத்தில் எழுதி, அவர் வாசிக்கவியலாத அறிக்கையில் கையொப்பம் பெறும் நிலை பல பொலிஸ் நிலையங்களில் மாறவில்லை. போர் முடிந்த பின்னர் வன்னியிலும் இதே பிரச்சினை எழுந்தது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று லட்சம் மக்களில் கடைசித் தொகுதியினர் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறினர். மீள்குடியேறிய கிராமங்களில் வீடில்லை, விளக்கில்லை, அயலவர் பலர் உயிருடன் இல்லை. உறுப்பிழந்த கணவர், உளம் சிதைந்த கணவர், மதுவுக்கு அடிமையான கணவர் என்று போரின் மிச்சத்தை வீட்டுக்குள் சுமந்தவர்கள் பெண்களே.

இந்நிலையில், கிராமத்துக்கு மிக அருகில் இருக்கும் இணைப்பு யார்? நாம் பெரும்பாலும் கவனியாது விடும் ஒருவர் அவர்: குடும்பநல மாது. 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த பொதுச் சுகாதார ஒழுங்கின் கீழ், கருவுற்ற தாயையும் குழந்தையையும் பார்ப்பதற்காக வீட்டின் குசினிவரை செல்லும் ஒரேயொரு அரச ஊழியர் அவரே. அவர் வருவதை எந்தக் கணவரும் சந்தேகிப்பதில்லை. தாயின் கையிலுள்ள கண்டலைக் காண்பவரும் அவரே. 2007இல் மாத்தறை வைத்தியசாலையில் ‘மிதுரு பியச’ என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்டு, தமிழ்ப் பகுதிகளில் ‘நட்பு நிலையம்’ என அழைக்கப்படும் வைத்தியசாலை நிலையங்கள் இவ்வழியின் அடுத்த படி. வைத்தியசாலைக்குச் செல்வதற்குக் காரணம் கூறத் தேவையில்லை என்பதே இந்நிலையங்களின் பலம். பிரதேச செயலகங்களிலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் மூன்றாவது படி. கிராமத்து மாதர் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இவர்களுக்குக் கண்ணும் காதுமாக இருக்கின்றன.

திட்டம் முடிந்தால் வீடு மூடப்படும்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வு, கணவர் அல்லது துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஐந்து பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உள்ளாகியிருப்பதாகக் கண்டறிந்தது. துல்லியமாகச் சொல்வதாயின் 20.4 சதவீதம். உதவி நாடாதவர்களின் காரணங்களில் வெட்கமும் அச்சமும் முன்னின்றன. அடுத்த ஆண்டு மார்ச் 20ஆம் திகதி கொவிட் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே கூரையின் கீழ்ப் பூட்டப்பட்டனர். உதவி கோரும் தொலைபேசி அழைப்புகள் பெருகின. 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் பலருக்கு அறிமுகமானது அக்காலத்திலாகும். தொலைபேசியில் குரல் கேட்கலாம். ஊரடங்கு வேளையில் பஸ் ஓடாத கிராமத்துக்கு அக்குரல் எவ்வாறு போய்ச் சேரும்? அதற்கு விடையளித்தவர்கள் அந்தந்தக் கிராமங்களில் ஏற்கனவே இருந்த பெண்களே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் தட்டுப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது.

இத்தனைக்கும் பின்னர் நாட்டிலுள்ள பாதுகாப்பு இல்லங்கள் மிகச்சிலவே. அவற்றுள் பல அரச சார்பற்ற நிறுவனங்களால் வெளிநாட்டு நிதியைக்கொண்டு நடத்தப்படுபவை. நிதி இரண்டாண்டுத் திட்டமாக, மூன்றாண்டுத் திட்டமாக வருகிறது. போரின்போது வந்தது, ஆழிப்பேரலையின் பின்னர் வெள்ளமாக வந்தது, 2009இன் பின்னர் படிப்படியாக வற்றியது. வழங்கும் நாடுகளின் அக்கறை வேறு திசைக்குத் திரும்பும்போது சாரதி வேலையிழப்பார், பின்னர் உளவளத்துணையாளர், கடைசியில் வீட்டின் வாடகை. வன்முறையோ திட்டக்காலம் முடிந்துவிட்டது என்று நிற்பதில்லை.

2024இல் நிறைவேற்றப்பட்ட பெண்களை வலுவூட்டும் சட்டம், தேசிய மகளிர் ஆணைக்குழு ஒன்றைத் தாபிக்க வழிவகுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், ஆணைக்குழு கொழும்பில் அமையும். கிராமத்துக்கு வேண்டியவை மிக எளியவை: ஒவ்வொரு மாவட்டத்திலும் வருடாந்த வரவு செலவுத்திட்டத்தில் பெயர் குறித்து ஒதுக்கப்பட்ட நிதியுடன் ஒரு பாதுகாப்பு இல்லம், நீதிமன்றத் தவணைக்கு வருபவருக்குப் பஸ் கட்டணம், முறைப்பாட்டைத் தமிழில் எழுதும் ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர், அரச காணியிலும் வீடமைப்புத் திட்டங்களிலும் மனைவியின் பெயர். இவற்றில் எதுவும் புதிய தத்துவமல்ல. இறுதியாகக் கூறியது, கிழக்கின் தாய்மார் சட்டப் புத்தகமின்றியே நூற்றாண்டுகளாகக் கடைப்பிடித்துவந்த ஒழுங்கு.

பழைய வளவை மீண்டும் உண்டாக்க முடியாது. உறவுகள் கடல் கடந்துவிட்டன, வேலிகள் மதில்களாகிவிட்டன. அந்த வளவு செய்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பவர்கள் குறைந்த சம்பளத்தில், நிச்சயமற்ற ஒப்பந்தங்களில் கிராமம் கிராமமாகச் செல்லும் பெண்களே. அவர்களது பணியை ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குரிய விடயமாக விட்டுவிடாது, பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் போல நிரந்தரமான பொதுத்தேவையாக ஏற்கும் நாளில்தான் 2005ஆம் ஆண்டுச் சட்டம் படுவான்கரைக்கும் மேற்பிரிவு லயத்துக்கும் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம். அதுவரை மாவட்ட நிருபர் அனுப்பும் அந்த நான்கு வரிச் செய்தி வந்துகொண்டேயிருக்கும்.